ரிபாத்துல் பக்தாதிய்யா: ஆதரவற்ற பெண்களுக்குக் கெய்ரோ தந்த கூரை

 

தலாக் சொல்லப்பட்ட பெண்ணுக்கு இத்தாக் காலத்தில் தங்குமிடம் அளிக்குமாறு திருக்குர்ஆனின் 65ஆம் அத்தியாயம் கட்டளையிடுகிறது. கணவனை இழந்தவளுக்கு இத்தா 4 மாதமும் 10 நாட்களும் என்பதையும் நாம் அறிவோம். ஆனால் இத்தா முடிந்த மறுநாள் அவள் எங்கே போவாள்? தந்தை இருந்தால் தந்தை வீடு. சகோதரன் இரக்கமுள்ளவனாயின் சகோதரன் வீடு. இவ்விரண்டும் இல்லாதவளுடைய நிலை என்ன? இந்தக் கேள்விக்கு 700 ஆண்டுகளுக்கு முன்பே கெய்ரோ மாநகரம் ஒரு கட்டடத்தின் வாயிலாக விடையளித்தது. அதன் பெயர் ரிபாத்துல் பக்தாதிய்யா.

ரிபாத் என்னும் சொல் தொடக்கத்தில் எல்லைக் காவல் வீரர்கள் தங்கும் அரணைக் குறித்தது. காலப்போக்கில் வணக்கசாலிகளும் ஏழைகளும் தங்கும் இல்லங்களுக்கும் அப்பெயர் வழங்கலாயிற்று. மம்லூக் சுல்தான்கள் எகிப்தையும் சிரியாவையும் ஆண்ட காலத்தில் கெய்ரோ, டமாஸ்கஸ், ஜெருசலம் முதலிய நகரங்களில் இத்தகைய இல்லங்கள் பல எழுந்தன.

அது எத்தகைய காலம் என்பதை நினைவிற் கொள்ள வேண்டும். 1258ஆம் ஆண்டு மங்கோலியர் பக்தாதை அழித்தனர். 1260இல் ஐனு ஜாலூத் போர்க்களத்தில் மம்லூக் படை அவர்களைத் தடுத்து நிறுத்தியது. அந்தப் போரின் தளபதிகளுள் ஒருவரான ளாஹிர் பைபர்ஸ் அதே ஆண்டில் சுல்தானாகி, 1277இல் இறந்தார். அவருடைய வெற்றிகளை வரலாற்று நூல்கள் விரிவாகப் பேசுகின்றன. அவருடைய மகள் தத்கார்பாய் காத்தூன் செய்த பணியோ சில வரிகளில் அடங்கிவிடுகிறது. ஹிஜ்ரி 684, அதாவது கி.பி. 1285ஆம் ஆண்டு, இந்த ரிபாத்தை எழுப்பியவர் அவரே. பின்த்துல் பக்தாதிய்யா என்று அறியப்பட்ட ஸைனப் பின்த் அபில் பரகாத் என்ற நல்லடியாருக்காக அதை அவர் கட்டினார். அந்த அம்மையார் பெயராலேயே இல்லமும் விளங்கியது. ஏறக்குறைய அதே ஆண்டுகளில்தான், அதே நகரத்தில் சுல்தான் கலாவூன் ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனிப் பகுதிகள் கொண்ட தம் பெரிய மருத்துவமனையைக் கட்டினார் என்பதும் குறிப்பிடத்தக்கது.

கெய்ரோவின் தெருக்களையும் கட்டடங்களையும் பற்றி விரிவான நூல் எழுதிய வரலாற்றாசிரியர் மக்ரீஸீ (1364–1442) இந்த இல்லத்தைத் தம் காலத்தில் நேரில் அறிந்தவர். அவர் தரும் செய்தியின் சாரம் இது: தலாக் சொல்லப்பட்ட பெண்களும், கணவனால் கைவிடப்பட்ட பெண்களும் இங்கே தங்கவைக்கப்பட்டனர். மறுமணம் செய்யும் வரையிலோ, கணவனிடம் திரும்பிச் செல்லும் வரையிலோ அவர்கள் அங்கு இருந்தனர். அவர்களுடைய மானத்தையும் பாதுகாப்பையும் காப்பதே அதன் நோக்கம். இல்லத்தில் ஒழுங்குமுறை மிகக் கண்டிப்பாக இருந்தது. தொழுகையும் வணக்கமும் தவறாமல் நடந்தன. வரம்பு மீறியோர் கண்டிக்கப்பட்டனர்.

இந்தக் கண்டிப்பை இன்று வாசிக்கும்போது சிலருக்கு அது கடுமையாகத் தோன்றலாம். அதில் நியாயமும் உண்டு. கைவிட்டவனை ஊர் ஒன்றும் கேட்பதில்லை. கைவிடப்பட்டவளுடைய நடத்தையைத்தான் உற்றுப் பார்க்கிறது. இந்த அநீதி அன்றும் இருந்தது. ஊர் வாய்க்கு இடமளிக்காத ஒரு மதிலை அந்த இல்லம் அவர்களைச் சுற்றி எழுப்பியது என்றே கொள்ள வேண்டும்.

கூரை மட்டும் கொடுத்திருந்தால் அது ஒரு சத்திரமாகவே இருந்திருக்கும். ரிபாத்துல் பக்தாதிய்யாவின் தனிச்சிறப்பு வேறு. அதன் தலைமையில் எப்போதும் ஒரு பெண், ஷைகா என்ற பட்டத்துடன் இருந்தார். பெண்களுக்கு உபதேசம் செய்வதும் ஃபிக்ஹுச் சட்டங்களைப் போதிப்பதும் அவருடைய பணி. மார்க்கச் சட்டம் அறிந்த பெண் தன் மஹர் என்ன, இத்தாக் காலச் செலவு யார்மீது கடமை, பிள்ளைகள் மீது தனக்குள்ள உரிமை என்ன என்பதையெல்லாம் அறிவாள். அத்தகையவளை ஏமாற்றுவது எளிதன்று.

அந்த ஷைகாக்களுள் மக்ரீஸீ சிறப்பித்துப் பேசுபவர் உம்மு ஸைனப் ஃபாத்திமா பின்த் அப்பாஸ் அவர்கள். ஹிஜ்ரி 714, துல்ஹஜ் மாதத்தில் (கி.பி. 1315) எண்பது வயதைக் கடந்த நிலையில் கெய்ரோவில் வஃபாத்தானார். சட்ட அறிவு மிக்கவர், உலகப் பற்றற்றவர், கொஞ்சத்தைக் கொண்டு போதுமாக்கிக் கொண்டவர். டமாஸ்கஸிலும் கெய்ரோவிலும் பெண்கள் பலர் அவரால் பயன் பெற்றனர். இமாம் இப்னு தைமிய்யா (ரஹ்) அவருடைய அறிவுக்கூர்மையைப் பாராட்டியதை இப்னு கஸீர் (ரஹ்) தம் வரலாற்று நூலில் பதிவு செய்திருக்கிறார். இப்னு கஸீர் மற்றொரு செய்தியையும் சொல்கிறார். ஹதீஸ் மேதை மிஸ்ஸீ (ரஹ்) அவர்களின் மனைவி ஆயிஷா, அதாவது இப்னு கஸீரின் மாமியார், ஃபாத்திமா அம்மையாரிடம் குர்ஆன் கற்றவர். அந்த ஆயிஷாவே தம் மகள் ஸைனபுக்குக் குர்ஆன் கற்பித்தார். அந்த ஸைனப்தான் இப்னு கஸீரின் மனைவி. தஃப்ஸீரால் உலகம் அறிந்த ஒரு பேரறிஞரின் இல்லம் வரை எட்டிய கல்வி, ஆதரவற்ற பெண்களின் இல்லத்திலும் போதனை செய்த ஒருவரிடமிருந்து வந்தது. இதைவிடப் பெரிய கண்ணியத்தை அப்பெண்களுக்கு வேறு எவ்வாறு அளிக்க இயலும்?

இத்தகைய இல்லங்களுக்கு முதுகெலும்பாக இருந்தது வக்ஃப். நிலமோ கடையோ வக்ஃப் செய்யப்பட்டால் அதை விற்க இயலாது. வாரிசுகள் பங்கிட இயலாது. வருமானம் மட்டுமே குறித்த நோக்கத்திற்குச் செல்லும். நிர்வகிப்பவர் நாளிர், நம் ஊர்களில் முத்தவல்லி என்கிறோம். ஆனால் வருமானம் குன்றினால் அறமும் குன்றும். ஹிஜ்ரி 806 (கி.பி. 1403–04) முதல் எகிப்தைப் பஞ்சமும் விலையேற்றமும் அலைக்கழித்தன. அதன்பின் ரிபாத்துல் பக்தாதிய்யாவும் நலிவுற்றது என்கிறார் மக்ரீஸீ. எனினும் தாம் எழுதும் வேளையிலும் அங்கே நன்மையின் எச்சம் இருப்பதாகவும், ஹனஃபீ தலைமைக் காளி அதை மேற்பார்வை செய்வதாகவும் அவர் குறிப்பிடுகிறார். நூறாண்டுக்கு மேலாக அந்த இல்லம் நின்றது என்பது இதனால் விளங்குகிறது.

அது அமைந்திருந்த தர்புல் அஸ்ஃபர் என்னும் தெரு இன்றும் பழைய கெய்ரோவில் உண்டு. அவ்வழியே செல்வோர் சுல்தான்களின் மாளிகைகளையும் மினாராக்களையும் அண்ணாந்து பார்க்கின்றனர். கைவிடப்பட்ட ஒரு பெண், அடுத்த வாழ்வு அமையும்வரை தலைநிமிர்ந்து தங்கவும் கற்கவும் அந்தத் தெருவில் ஓர் இடம் இருந்தது என்பதை அறிந்தோர் சிலரே. தங்குமிடம், கல்வி, பெண்ணின் தலைமை, வற்றாத வருமானம், கணக்குக் கேட்கும் காளி: இவ்வைந்தும் சேர்ந்ததே அந்த இல்லம். இவற்றுள் எவை நம் மஹல்லாவில் உண்டு, எவை இல்லை என்பதை எண்ணிப் பார்ப்பது நம் அனைவரின் பொறுப்பாகும்.

கைம்பெண்களையும் ஆதரவற்றோரையும் கண்ணியத்துடன் தாங்கும் சமுதாயமாக வல்ல அல்லாஹ் நம்மை ஆக்கியருள்வானாக. ஆமீன்.