சூரியனில் இரும்பு: ஒரு பச்சைக் கோட்டின் கதை

செவ்வாப்பேட்டையிலிருந்து பேசறேன். இங்கேயிருந்து வடக்கே கும்மிடிப்பூண்டி சிப்காட் பக்கம் போனா, இரும்பு உருக்கும் ஆலைகள் இருக்கு. இரும்பு உருக 1538 டிகிரி செல்சியஸ் வேணும். இன்னைக்குப் பேசப்போறதும் இரும்பைப் பத்திதான். ஆனா இந்த இரும்பு இருக்கிறது சூரியனோட வெளி வளிமண்டலத்துல. அங்கே வெப்பம் 10 லட்சம் டிகிரிக்கு மேல!

முழு சூரிய கிரகணத்தப்போ கறுப்பு வட்டத்தைச் சுத்தி வெள்ளையா ஒரு ஒளி தெரியும் இல்லையா? அதுதான் கொரோனா. வைரஸுக்கு அந்தப் பேர் வந்ததே இதைப் பார்த்துதான்.

1869 ஆகஸ்ட் 7, அமெரிக்காவுல ஒரு கிரகணம். சார்லஸ் யங், வில்லியம் ஹார்க்னஸ் ரெண்டு பேரும் தனித்தனியா கொரோனா ஒளியைப் பிரிச்சுப் பார்த்தாங்க. ஒரு பச்சைக் கோடு தெரிஞ்சது. ஒவ்வொரு தனிமத்துக்கும் கைரேகை மாதிரி தனக்கே உரிய நிறக்கோடுகள் உண்டு. இந்தக் கோட்டைத் துல்லியமா அளந்து பார்த்தப்போ, தெரிஞ்ச எந்தத் தனிமத்தோடயும் பொருந்தலை. சரி, புதுத் தனிமம்னு நினைச்சு 'கொரோனியம்'னு பேரே வெச்சுட்டாங்க.

1871 டிசம்பர் 12 கிரகணம் தென்னிந்தியாவுல தெரிஞ்சது. அதுக்காகப் பிரான்ஸிலிருந்து ஜூல்ஸ் ஜான்சன் நீலகிரிக்கே வந்தார். கொரோனா உண்மையாவே சூரியனைச் சேர்ந்ததுதான்னு உறுதிப்படுத்தினதுல அவர் பார்த்த விவரங்களுக்குப் பெரிய பங்கு உண்டு.

கொரோனியம் மர்மம் உடைய 70 வருஷம் ஆச்சு. ஜெர்மனியின் வால்டர் குரோட்ரியன் 1939ல ஒரு துப்பு கொடுத்தார். ஸ்வீடனின் பெங்ட் எட்லென் அதைப் பிடிச்சு 1940களின் தொடக்கத்துல விடை சொன்னார்: அது இரும்புதான். 26 எலக்ட்ரான்கள்ல 13 பறிபோன இரும்பு! அப்படிப் பறிபோகணும்னா பத்து, இருபது லட்சம் டிகிரி வெப்பம் வேணும்.

ஒரு மர்மம் தீர்ந்ததும் அதைவிடப் பெரிசா இன்னொண்ணு முளைச்சது. சூரியனோட மேற்பரப்பே சுமார் 5,500 டிகிரிதான். அடுப்பை விட்டு விலக விலகச் சூடு குறையணும். இங்கே பல நூறு மடங்கு கூடுது. எப்படி?

சந்தேகம் விழுந்தது காந்தப்புலத்து மேல. சூரியப் புள்ளிகள்ல பலமான காந்தப்புலம் இருக்குன்னு 1908ல ஜார்ஜ் ஹேல் காட்டியிருந்தார். அடுத்த வருஷமே நம்ம கொடைக்கானல் ஆய்வகத்துல ஜான் எவர்ஷெட், அந்தப் புள்ளிகளோட ஓரத்துல வாயு வெளிப்பக்கமாப் பாயறதைக் கண்டுபிடிச்சார். அந்தப் பாய்ச்சலுக்குப் பாதை போடறது காந்தப்புலம்னு இப்போ தெரியும்.

காந்தப்புலம் எப்படிச் சூடாக்கும்? ரெண்டு விளக்கம். ஒண்ணு, அலை. கொடிக்கயித்தோட ஒரு முனையை ஆட்டினா அதிர்வு மறுமுனைக்குப் போகும். அதே மாதிரி கீழே வாயு கொதிக்கிற ஆட்டம் காந்தக் கோடுகள் வழியா மேலே ஏறி, அங்கே வெப்பமா மாறும். இந்த வகை அலையை 1942ல சொன்னவர் ஹானஸ் ஆல்வென். இன்னொண்ணு, பின்னல். கோடுகள் ஜடை மாதிரி முறுக்கிக்கிட்டே போய், ஒரு கட்டத்துல அறுந்து வேற விதமா இணையும். தேங்கின ஆற்றல் குட்டிக் குட்டி வெடிப்பா வெளியே வரும். 1988ல யூஜின் பார்க்கர் இதுக்கு 'நானோஃபிளேர்'னு பேர் வெச்சார்.

ரெண்டும் நடக்கலாம். எது எவ்வளவுங்கிறதுதான் இன்னும் முடியாத வழக்கு. விடை தெரியறது நமக்கும் முக்கியம். இதே காந்தப்புலம்தான் சூரியப் புயல்களையும் கிளப்புது. 1989 மார்ச்ல அப்படி ஒரு புயல் கனடாவோட கியூபெக் மாகாணத்தையே பல மணி நேரம் இருட்டாக்குச்சு.

2023 செப்டம்பர் 2, ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஆதித்யா-எல்1 கிளம்பிச்சு. திட்ட இயக்குநர் செங்கோட்டைக்காரர் நிகார் ஷாஜி. இப்போ 15 லட்சம் கிலோமீட்டர் தள்ளி நின்னு சூரியனைப் பார்க்குது. அதோட முக்கியக் கருவி, ஒரு தகட்டால சூரியனை மறைச்சுத் தினமும் செயற்கைக் கிரகணம் உண்டாக்குது. அந்தக் கருவியைச் செஞ்சது, கொடைக்கானல் ஆய்வகத்தை நடத்தற அதே இந்திய வானியற்பியல் நிறுவனம். அது அளக்கிற நிறக்கோடுகள்ல ஒண்ணு, 1869ல தெரிஞ்ச அதே பச்சைக் கோடு.

அடுத்த எபிசோட்ல சந்திப்போம்!