வாக்கும் வரிப்பணமும்: சென்னை மாகாணத்தில் பொது மருத்துவச் செலவின் அரசியல், 1871–1946

தமிழ்நாட்டின் பொது மருத்துவக் கட்டமைப்பை ஆராய்வோர் பெரும்பாலும் 1967-க்குப் பிந்தைய ஆட்சிகளையோ, 1994-இல் உருவான தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகத்தையோ தொடக்கமாகக் கொள்கின்றனர். அந்தச் சாதனைகளுக்குரிய அடித்தளம் அவற்றுக்கும் பல பத்தாண்டுகளுக்கு முன்பே சென்னை மாகாணச் சட்டமன்றத்தில் இடப்பட்டது. வாக்குரிமை விரிந்ததால் மட்டுமே மருத்துவத்துக்குப் பணம் வந்துவிடவில்லை. மக்களின் வாக்கைப் பெற்றவர்களிடம் வரி விதிக்கும் அதிகாரமும் செலவிடும் அதிகாரமும் வந்து சேர்ந்த பின்னரே மக்களின் உடல்நலம் சட்டப்படியான செலவினம் ஆயிற்று. இதை நிறுவுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

உள்ளாட்சிகள் மீது விழுந்த சுமை

1871-ஆம் ஆண்டின் சென்னை உள்ளூர் நிதிச் சட்டமும் 1884-ஆம் ஆண்டின் உள்ளாட்சி வாரியச் சட்டமும் மருந்தகங்கள், துப்புரவு, அம்மை குத்துதல் ஆகிய பொறுப்புகளை உள்ளாட்சிகளிடம் ஒப்படைத்தன. இதற்கான வருவாயில் முக்கியமானது நிலத்தின் மீதான தீர்வை. மழை பொய்த்தால் தீர்வை குறையும். பஞ்சமும் காலராவும் கைகோத்து வரும் அந்த ஆண்டுகளில்தான் செலவு கூடும். ஜில்லா போர்டின் தலைவராகக் கலெக்டரே இருந்தார். நோயுற்ற மக்களுக்கும் செலவை முடிவு செய்தவர்களுக்கும் இடையே வாக்கு என்ற உறவு ஏறத்தாழ இல்லாத காலம் அது.

அமைச்சரிடம் துறை, அதிகாரியிடம் கஜானா

1919-ஆம் ஆண்டின் இந்திய அரசுச் சட்டம் மாகாணங்களில் இரட்டையாட்சியைக் கொண்டுவந்தது. மருத்துவமும் பொதுச் சுகாதாரமும் மக்கள் பிரதிநிதிகளான அமைச்சர்களிடம் மாற்றப்பட்டன. நிதியும் நிலவருவாயும் ஆளுநரின் நிர்வாகக் குழுவிடமே ஒதுக்கி வைக்கப்பட்டன. காடும் பாசனமும் தம்மிடம் இல்லாமல் வளர்ச்சித் துறையை நடத்த நேர்ந்ததை முன்னாள் அமைச்சர் கே.வி. ரெட்டி நாயுடு, இரட்டையாட்சியை ஆராய்ந்த முட்டிமன் குழுவின் முன் முறையிட்டார். சுகாதாரத்தின் நிலையும் ஏறத்தாழ அதுவே.

மெஸ்டன் தீர்ப்பு இந்த நெருக்கடியை இன்னும் இறுக்கியது. மாகாணங்கள் மத்திய அரசுக்கு ஆண்டுதோறும் செலுத்த வேண்டிய 983 லட்சம் ரூபாயில் சென்னையின் பங்கு மட்டும் 348 லட்சம். எந்த மாகாணமும் இவ்வளவு பெரிய தொகையைச் சுமக்கவில்லை. 1920-களின் இறுதியில்தான் இந்தச் சுமை முற்றிலும் நீங்கியது.

இத்தனை நெருக்கடிக்கிடையிலும் நீதிக்கட்சி அமைச்சரவைகள் செய்தவை கவனத்துக்குரியவை. தலசுயாட்சித் (உள்ளாட்சி) துறையைத் தம்மிடம் வைத்திருந்த பனகல் அரசர் ஆட்சியில், தனிப் பொதுச் சுகாதாரத் துறையும் மாவட்டச் சுகாதார அலுவலர் பணியிடங்களும் வேரூன்றின. கிராமத்தில் குடியமர்ந்து ஏழைகளுக்கு இலவசமாக வைத்தியம் பார்க்கும் மருத்துவர்களுக்கு மானியம் தரும் திட்டம் வந்தது. இந்திய மருத்துவ முறைகளை ஆராய்ந்த உஸ்மான் குழுவின் 1923-ஆம் ஆண்டு அறிக்கையைத் தொடர்ந்து சென்னையில் அரசு இந்திய மருத்துவப் பள்ளி எழுந்தது. அரசுப் பணம் மேனாட்டு மருத்துவத்துக்கே உரியது என்ற நிலையை மாற்றச் சட்டமன்றம் எடுத்த முயற்சியின் விளைவு இது.

வாக்களித்தவர் யார்?

1920 தேர்தலில் வாக்காளர் எண்ணிக்கை சுமார் 12.5 லட்சம். நாலு கோடிக்கும் மேற்பட்ட மக்களில் இது ஏறத்தாழ 3 விழுக்காடு. வாக்குரிமைக்குச் சொத்தும் வரியுமே அடிப்படை. காலராவும் மலேரியாவும் அதிகமாக வாட்டிய நிலமற்ற உழவர்களுக்கு வாக்கு இல்லை. ஒடுக்கப்பட்ட சமூகத்தினருக்குக் கிடைத்தவை 5 நியமன இடங்கள் மட்டுமே. அவர்களுடைய சேரிகளுக்குக் கிணறும் வடிகாலும் கேட்டுக் குரல் கொடுக்கலாம். வாக்கால் வற்புறுத்த வழியில்லை.

பெண்களின் வாக்குரிமையில் சென்னை முந்திக்கொண்டது. 1921 ஏப்ரலில் சட்டமன்றம் பெண்களுக்கு வாக்குரிமை அளித்துத் தீர்மானம் இயற்றியது. சொத்துத் தகுதி நீங்காததால் பயன் பெற்றோர் மிகச் சிலரே. எனினும் பின்னர் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி நியமன உறுப்பினராகச் சட்டமன்றத்துக்குள் வந்தார். துணைத் தலைவராகவும் ஆனார். தாய்சேய் நலமும் பெண்களுக்கான மருத்துவ வசதியும் அவரால் அவையின் விவாதப் பொருளாயின. பிரசவ அறையின் துயரங்களை நேரில் அறிந்த ஒருவர் வரவுசெலவுத் திட்டத்தைக் கேள்வி கேட்டது மாகாண வரலாற்றில் ஒரு திருப்புமுனை.

1939: கட்டாயமான செலவு

1935-ஆம் ஆண்டுச் சட்டம் இரட்டையாட்சியை மாகாணங்களிலிருந்து நீக்கியது. நிதித்துறையும் அமைச்சரிடம் வந்தது. வாக்காளர் பட்டியலும் பலமடங்கு விரிந்தது. 215 உறுப்பினர் கொண்ட கீழவையில் 30 இடங்கள் ஒடுக்கப்பட்ட சமூகத்தினருக்கு ஒதுக்கப்பட்டன. 1937-இல் ராஜாஜி தலைமையில் அமைந்த காங்கிரஸ் அமைச்சரவையில் திருச்சி மருத்துவர் டி.எஸ்.எஸ். ராஜன் சுகாதார அமைச்சரானார்.

அவர் காலத்தில் நிறைவேறிய 1939-ஆம் ஆண்டின் சென்னைப் பொதுச் சுகாதாரச் சட்டம் நாட்டுக்கே முன்னோடி. குடிநீர், வடிகால், கொசு ஒழிப்பு, தாய்சேய் நலம், தொற்றுநோய்த் தடுப்பு, திருவிழாக் கூட்டங்களின் சுகாதாரம் என அனைத்தையும் அது ஒரே சட்டத்துக்குள் கொண்டுவந்தது. அதன் உயிர்நாடி நிதிப் பிரிவு. அரசு மானியம் நீங்கலான தம் வருவாயில் நகராட்சிகள் 30 விழுக்காட்டையும் ஜில்லா போர்டுகள் 12.5 விழுக்காட்டையும் பொதுச் சுகாதாரத்துக்கு ஒதுக்கியாக வேண்டும். தலைவரின் தயவில் நின்ற செலவு அன்று முதல் சட்டக் கடமையானது.

அதே அமைச்சரவை 1937 அக்டோபரில் சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைத் தொடங்கியது. கள், சாராயக் கலால் வரியை விட்டுக்கொடுத்ததால் ஏற்பட்ட இழப்பை ஈடுகட்ட 1939-இல் பொது விற்பனை வரி வந்தது. குடியால் வரும் வருமானத்தை விட்டுவிட்டு, வணிகத்தின் மீது வரி போடும் துணிவு மக்களிடம் வாக்குக் கேட்டு வந்த அரசுக்கே வாய்த்தது. பின்னாளில் மாநிலத்தின் நலத்திட்டங்களைத் தாங்கி நின்றதும் இந்த விற்பனை வரியே.

1946-இல் ருக்மிணி லட்சுமிபதி பொதுச் சுகாதார அமைச்சரானபோது, 1921-இல் தொடங்கிய பெண் வாக்குரிமைப் பயணம் அத்துறையின் தலைமையையே எட்டியது. ஆரம்பச் சுகாதார நிலையங்களுக்கு வித்திட்ட போர் (Bhore) குழுவின் அறிக்கையும் அதே ஆண்டில் வெளியானது. ஏ. லட்சுமணசாமி முதலியார் அக்குழுவின் உறுப்பினர்.

முடிவுரை

வயதுவந்த அனைவருக்கும் வாக்கு என்ற அரசமைப்பின் 326-ஆம் உறுப்பும், சுகாதாரத்தையும் மருத்துவமனைகளையும் மாநிலப் பட்டியலில் வைத்த ஏழாம் அட்டவணையும் மேற்கண்ட வரலாற்றின் தொடர்ச்சியே. 1920-இல் துறை இருந்தது, பணம் இல்லை, வாக்கும் சிலருக்கே. 1937-க்குப் பின் மூன்றும் ஓரளவு ஒருங்கிணைந்தன. இரண்டே ஆண்டுகளில் சட்டம் பிறந்தது.

இந்தப் பாடம் இன்றைக்கும் பொருந்தும். பெரும்பாலான பொருள்களின் மீதான மாநில வரிகள் 2017-இல் சரக்கு மற்றும் சேவை வரிக்குள் கரைந்தன. சுகாதாரத்தைப் பொதுப் பட்டியலுக்கு மாற்ற வேண்டும் என்று 15-ஆம் நிதிக்குழுவின் தலைவர் என்.கே. சிங் வலியுறுத்தினார். அதிகாரம் ஓரிடத்திலும் பணம் ஓரிடத்திலும் இருந்த இரட்டையாட்சியின் இன்னல்களை அனுபவித்த மாநிலம் இது. மருத்துவமனை வாசலில் நிற்கும் ஏழை யாருக்கு வாக்களித்தாரோ, அவரிடமே அந்த மருத்துவமனைக்கான நிதியைக் கேட்கும் உரிமையும் இருக்க வேண்டும். அந்த உரிமை குறையும்போது வாக்குரிமையின் பயனும் குறைகிறது.