ஏடு அழிந்தபின் வரும் நோய்

ஐதராபாத் அமீர்பேட்டில் மெட்ரோ ரயில் ஏறினால் நான்காவது நிலையம் லக்டிகாபூல். அதனை அடுத்த ரெட் ஹில்ஸ் பகுதியில் உள்ளது எம்.என்.ஜே. அரசுப் புற்றுநோய் மருத்துவமனை. சிகிச்சைக்கு அவ்வளவு தொலைவே. ஆனால், தமது புற்றுநோய் படைப்பணியால் வந்தது என்று கூறி இயலாமை ஓய்வூதியம் கோரும் முன்னாள் படைவீரரின் கோரிக்கை மறுக்கப்பட்டால், அவர் ஆயுதப் படைத் தீர்ப்பாயத்தை நாட வேண்டும். தெலங்கானாவுக்குரிய அதன் அமர்வு சென்னையில் இருக்கிறது. அங்கே எழும் முதற்கேள்வி, மெய்ப்பிக்க வேண்டியவர் யார் என்பதே.

1982ஆம் ஆண்டின் உரிமை விதிகள் இதற்குத் தெளிவாக விடை கூறின. படையில் சேரும்போது மருத்துவக் குறிப்பில் இடம்பெறாத நோய் பின்னாளில் ஒருவரைப் பணியிலிருந்து வெளியேற்றினால், அது பணிக்காலத்தில் தோன்றியதாகவே பொதுவாகக் கொள்ளப்படும். மெய்ப்பிக்கும் சுமை வீரருக்கு இல்லை. ஐயத்தின் பயன் அவரையே சேரும்.

1985இல் படையில் சேர்ந்து, வலிப்பு நோயால் 20 விழுக்காடு இயலாமையுடன் 1994இல் வெளியேற்றப்பட்ட தரம்வீர் சிங்கின் வழக்கில், 2013இல் உச்ச நீதிமன்றம் இவ்விதிகளுக்கு உயிரூட்டியது. காரணம் கூறாமல் நோய்க்கும் பணிக்கும் தொடர்பில்லை என்று எழுதிய மருத்துவக் குழுவின் கருத்தை அது ஏற்கவில்லை.

எனினும் புற்றுநோய்க்கு இப்பாதுகாப்பு முழுமையாக எட்டுவதில்லை. சேர்க்கைச் சோதனையில் கண்டறிய இயலாத நோய் என்று மருத்துவர்கள் காரணம் காட்டினால், அந்த அனுமானம் விலகிவிடும். இதைவிடக் கடுமையானது 2008ஆம் ஆண்டு விதிகளில் நுழைந்த ஒரு வரையறை. ஓய்வுபெற்று 15 ஆண்டுகள் கடந்து, பணி ஆவணங்கள் அழிக்கப்பட்ட பின்னர் கோரிக்கை எழுந்தால், மெய்ப்பிக்கும் சுமை கோருபவர் தலையிலேயே விழுகிறது.

கப்பலின் கொதிகலன் அறையில் கல்நார்த் தூசியைச் சுவாசித்த ஒருவருக்கு, நுரையீரல் உறையில் புற்று தோன்ற 30, 40 ஆண்டுகள்கூட ஆகலாம். நோய் வெளிப்படும்போது சான்று இராது. அரசு அழித்த ஏட்டை நோயாளி எங்கிருந்து கொண்டுவருவார்?

அமெரிக்கா இதே சிக்கலை வேறு வழியில் அணுகியது. வியட்நாமில் தெளிக்கப்பட்ட ஏஜென்ட் ஆரஞ்சு களைக்கொல்லிக்காக 1991இலும், போர்முகாம்களின் குப்பை எரிகுழிப் புகைக்காக 2022இலும் அந்நாடு சட்டம் இயற்றியது. குறித்த இடத்தில் குறித்த காலத்தில் பணியாற்றியவருக்குப் பட்டியலிலுள்ள நோய் வந்தால், பணியே அதற்குக் காரணம் என்று கொள்ளப்படும். இந்த ஏற்பாடும் எளிதில் வரவில்லை. வியட்நாம் வீரர்கள் அதற்காகப் போர் முடிந்தும் பல்லாண்டுகள் போராடினர்.

1982இன் விதி நன்னோக்கோடு எழுதப்பட்டதே. ஆனால் அது, நோய் பணிக்காலத்திலேயே வெளிப்படும் என்னும் எண்ணத்தில் அமைந்தது. எந்த வீரர் எந்த நச்சுப்பொருளோடு எத்தனை ஆண்டுகள் பழகினார் என்பதைப் பணிக்காலத்திலேயே பதிவு செய்து, அப்பதிவை அவர் வாழ்நாள் முழுதும் காத்தாலன்றி, ஐயத்தின் பயன் அவருக்கு எட்டாது.