கண்விழிப்பின் விலை

பழவேற்காட்டு ஏரியின் முகத்துவாரத்தை ஒட்டிய, ‘பாடு’ எனப்படும் மீன்பிடி இடங்களில், இன்ன நாளில் இன்னார் சுத்து வலை கட்டலாம் என்று தங்களுக்குள் முறை வகுத்துக்கொண்ட மீனவக் குப்பத்தாருக்கு, இராப்பொழுதில் வலையருகே கண்ணயராதிருப்பதே தொழிலில் பாதி. அந்த விழிப்புக்குத் துணையாகச் சுருக்குப்பையிலிருந்து வெற்றிலையும் பாக்கும் வெளிவரும்; ஈரக்கையைக் கைலியில் துடைத்துவிட்டு, டப்பியின் ஓரத்தில் சுண்ணாம்பை வழித்துத் தடவி வாயில் இட்டால், சற்றைக்கெல்லாம் உடம்பில் உஷ்ணமேறி நெற்றியில் வியர்வை அரும்பும். அது பாக்கிலுள்ள அரிகோலின் என்னும் சத்தின் வேலை.

இந்த வெற்றிலை பாக்கோடு பிற்பாடு சேர்ந்துகொண்ட புகையிலையோ அமெரிக்கச் செடி. 1613-இல் டச்சுக்காரர் பழவேற்காட்டில் கெல்ட்ரியா கோட்டையை எழுப்புவதற்கு முன்பே இக்கரைக்கு வந்துவிட்ட போர்த்துக்கேயர்தாம் அதனைப் பாரத தேசத்துக்குக் கொணர்ந்தவர்கள். தாம்பூலத்தோடு அதில் ஒரு துணுக்கு கூடியது. பார்வைக்குப் பேதமில்லை, பழக்கத்தின் பிடியோ பன்மடங்கு இறுகிற்று.

ரசாயன சாலைகளிலும் இவ்வாறே நடந்தது. 1887-இல் பெர்லினில் எடெலியானு என்னும் ரசாயன நிபுணர், உறக்கத்தை விரட்டும் ஆம்ஃபெடமின் என்னும் மருந்தை உண்டாக்கினார். 1893-இல் ஜப்பானியரான நாகாய் நாகயோஷி மெத்தாம்ஃபெடமினை ஆக்கினார். ஒரு கரியணுவும் மூன்று ஹைட்ரஜன் அணுக்களும் கொண்ட சிறு தொகுதி ஒன்று கூடியிருப்பதே இரண்டுக்கும் பேதம். ஆயினும் அதன் பலத்தால் பின்னது மூளைக்குள் விரைந்தும் மிகுந்தும் புகுந்து, நரம்புகளைச் சிதைத்து, இல்லாத சத்துருவை எதிரே காணும் சித்தப்பிரமை வரை மனிதனை இழுத்துச் செல்கிறது. இரண்டாம் உலக யுத்தத்தில் ஆங்கிலேயர் முன்னதையும், ஜெர்மானியரும் ஜப்பானியரும் பின்னதையும் தத்தம் வீரர்களுக்கு வழங்கினார்கள். (பிரஜைகளுக்கு ஒழுக்கம் போதிக்கும் அரசாங்கங்களே இதைச் செய்த விநோதத்தை என்னென்பது!) யுத்தம் ஓய்ந்தபின் எஞ்சிய சரக்கு ஜப்பானியக் கடைவீதிகளில் இறங்கவே, 1951-இல் அந்நாடு தடைச் சட்டம் இயற்ற நேர்ந்தது.

ஆனால், வலியதைக் கண்டு அஞ்சுகிறவன் மெலியதைச் சாது என்று நம்பிவிடுகிறான். கவனக்குறைவு நோய்க்கு வைத்தியர் அளந்து கொடுக்கும் ஆம்ஃபெடமினும், அளவு மீறினால் இருதயத்தைத் துரத்தும், உறக்கத்தைக் கெடுக்கும், மனிதனை அடிமையாக்கும். தாம்பூலத்தின் சங்கதியும் அஃதே. சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 1985-இல் புகையிலை கூடிய தாம்பூலத்தை மட்டுமே புற்றுநோய்க் காரணி என்றது. 2004-இல் வெளியான அதன் அறிக்கையோ, புகையிலை சேராத தாம்பூலத்தையும் வெறும் பாக்கையும் அதே வரிசையில் வைத்துவிட்டது.