பாரதியின் பாட்டு யாருடையது?

1921இல் பாரதியார் மறைந்தபோது குடும்பத்துக்கு விட்டுச்சென்ற சொத்து அவரது எழுத்தொன்றே. அதுவும் பெரும்பாலும் பத்திரிகைத் தாள்களிலும் கையெழுத்துப் பிரதிகளிலும் சிதறிக் கிடந்தது. மனைவி செல்லம்மாள் பாரதி ஆச்சிரமம் என்ற பெயரில் நூல் வெளியிட முயன்றார், முயற்சி நீடிக்கவில்லை. பதிப்புரிமை பின்னர் கவிஞரின் தம்பி சி. விசுவநாதனிடம் சென்றது. அவரைப் பழிப்பதற்கில்லை, பாரதி பிரசுராலயத்தின் வாயிலாக நூல்களை மக்கள் கைக்கு எட்டச் செய்தவர் அவர்.

ஆயின் சந்தையின் கணக்கு வேறு. பாட்டை அச்சிடும் உரிமை ஓரிடத்திலும், இசைத்தட்டிலும் திரையிலும் ஒலிக்கச் செய்யும் உரிமை மற்றோரிடத்திலுமாகப் பிரிந்து விலைபோயின! ஒலியுரிமை படமுதலாளி ஏ. வி. மெய்யப்பனிடம் வந்து சேர்ந்தது. 1948இல் டி. கே. எஸ். சகோதரர்கள் 'பில்ஹணன்' படத்தில் பாரதி பாட்டைச் சேர்த்தமையால் உரிமைத் தகராறு மூண்டது. விடுதலையைப் பாடியவனின் பாட்டுக்கே விடுதலை கேட்டு எழுத்தாளரும் கலைஞரும் கிளர்ந்தனர். 1949இல் சென்னை அரசு உரிமையை வாங்கியது. பின்னர் அதனை மக்களுக்கே அளித்தது.

இவ்வரலாற்றை வகுப்பிற் சொன்னதன் விளைவை இப்போது அனுபவிக்கிறேன். பாரதிபற்றி இணையத்திற் கிடைத்த கட்டுரையை அப்படியே எழுதித் தன் பெயரிட்டுத் தந்த மாணவனைக் கேட்டால், "பாரதி எல்லாருக்கும் பொதுதானே, சேர்" என்கிறான். பாரதி பொதுவே. ஆனால் பழைய பத்திரிகைகளையும் படங்களையும் தேடியலைந்து 1957இல் 'சித்திர பாரதி'யைத் தந்த ரா. அ. பத்மநாபனின் உழைப்பு அம்மாணவனுடையதன்று. அரசு விடுவித்தது விற்பனை உரிமையை. உழைத்தவன் பெயரை அழிக்கும் உரிமையை எவரும் எவருக்கும் அளிக்கவில்லை.

எடுத்த இடத்தை முதல் வரியிலேயே எழுதுமாறு இப்போது சொல்லிவருகிறேன். சிலர் எழுதுகிறார்கள்.