வேதாளம் கேட்ட கேள்வியும் எண்ணூர் கேட்கும் கேள்வியும்

சிறுவர் இதழிடம் நாம் இரண்டு வேலைகளை எதிர்பார்க்கிறோம். பிள்ளை அதை விரும்பி வாசிக்க வேண்டும்; வாசித்ததில் எதையாவது கற்கவும் வேண்டும். ஒரே இதழ் இரண்டையும் செய்துவிடுமா? அம்புலிமாமாவையும் துளிரையும் அருகருகே வைத்து, வடசென்னையின் திருவொற்றியூர், எண்ணூர்ப் பக்கத்துப் பள்ளிப் பிள்ளையை மனத்தில் கொண்டு பார்க்கலாம்.

அம்புலிமாமா 1947இல் நாகிரெட்டியும் சக்ரபாணியும் சென்னையில் தொடங்கிய வணிக இதழ். துளிர் 1987இல் தமிழ்நாடு அறிவியல் இயக்கம் தொடங்கிய அறிவியல் மாத இதழ். முன்னது பெட்டிக்கடையில் தொங்கியது. பின்னது சந்தாவாலும் ஆசிரியர்கள், தன்னார்வலர்கள் உழைப்பாலும் பிள்ளைகளிடம் போய்ச் சேர்கிறது.

இரண்டுக்கும் பொதுவான உத்தி கேள்விதான். அம்புலிமாமாவின் வேதாளக் கதைகளில், பிணத்தைத் தோளில் சுமந்து சுடுகாட்டுக்கு நடக்கும் மன்னன் விக்கிரமனிடம் வேதாளம் ஒரு கதை சொல்லி, முடிவில் புதிர் போடும். விடை தெரிந்தும் சொல்லாவிட்டால் தலை வெடித்துவிடும். வாசிக்கும் பிள்ளையும் தன் விடையை ஒருமுறை யோசித்துவிட்டுத்தான் மேலே படிக்கும். வேதாளக் கதைகளின் மூலத்தில் இருபத்தைந்தே கதைகள். இதழோ புதுப்புதுப் புதிர்களோடு பல்லாண்டுகள் ஓட்டியது. எழுத்துக்கூட்டிப் படிக்கும் பிள்ளையைக்கூடக் கடைசி வரிவரை இழுத்துப் போகும் பலம் அதற்கு உண்டு.

ஆனால் அங்கே விடை அடுத்த பத்தியிலேயே வந்துவிடும். துளிர் சொல்லும் சோதனையைச் செய்யும் பிள்ளையோ இதழை மூடிவைத்துவிட்டு, தண்ணீரும் பாத்திரமும் தேடி எழுந்தாக வேண்டும்.

இன்னொரு வேறுபாடு ஊர் சார்ந்தது. அம்புலிமாமா பல இந்திய மொழிகளில் வந்தது; கதையும் படமும் பெரும்பாலும் எல்லாப் பதிப்புக்கும் பொது. எந்த ஊருக்கும் பொருந்த வேண்டியிருந்ததால், அதில் எந்த ஊரும் தன் முகத்தோடு வர முடியவில்லை. துளிருக்கு அந்தக் கட்டாயம் இல்லை.

வடசென்னைக்கு இது முக்கியம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் எண்ணூர்க் கழிமுகத்தில் பரவியது. படகும் வலையும் கறுத்தன. அதே மாதம் 26ஆம் தேதி நள்ளிரவையொட்டி, எண்ணூரின் பெரியகுப்பம் அருகே கடலடிக் குழாயிலிருந்து அமோனியா கசிந்தது. கண் எரிச்சலோடும் மூச்சுத் திணறலோடும் மக்கள் வீட்டைவிட்டு ஓடினார்கள். எண்ணெய் ஏன் தண்ணீர்மேல் படலமாக விரிகிறது? அமோனியா கசிந்தால் ஈரத்துணியால் மூக்கை மூடச் சொல்வது ஏன்? அந்த வாயு நீரில் எளிதில் கரையும் என்பதுதான் விடை. இப்படிப்பட்ட கேள்விகளுக்கு இடம் தரும் இதழ் துளிர் வகையே.

அதன் குறையையும் சொல்ல வேண்டும். சரளமாக வாசிக்க வராத பிள்ளைக்கு அறிவியல் கட்டுரை முதல் பத்தியிலேயே கசந்துவிடும். சந்தா கட்ட ஒரு டீச்சர் முன்வராத பள்ளிக்கு அது எட்டிப்பார்ப்பதும் இல்லை.

ஆகவே ஒன்றை விட்டு ஒன்றைத் தேர்வது சரியாகாது. எது முதலில் என்பதுதான் கேள்வி. முதலில் அம்புலிமாமா. அது 2007இல் கைமாறி, சில ஆண்டுகளில் நின்றுபோனது; ஆனாலும் பழைய இதழ் ஒன்று கிடைத்தால் போதும். நூலக வகுப்பில் வேதாளக் கதையை உரக்க வாசித்து, புதிரோடு நிறுத்திப் பிள்ளைகளைப் பேசவிடலாம். வாசிப்பு பழகியதும் துளிர். பிறகு, எண்ணூர்ப் பக்கத்துக் கொசஸ்தலையாற்றில் மிதக்கும் சாம்பல் எங்கிருந்து வருகிறது என்று பிள்ளைகளே விசாரித்து எழுதும் கையெழுத்துப் பத்திரிகை. அந்த மூன்றாவது இதழ் வெளிவந்தால்தான் முதல் இரண்டும் தம் வேலையைச் செய்தன என்று பொருள்.