கிப்லாவும் ஊரும் ஒரே திசையில்



அண்மையில் மதரஸா மாணவர்களுடன் பூம்புகார் கடற்கரையில் அஸர் தொழுதோம். தொழுகை முடிந்ததும் ஒரு மாணவன் கேட்டான்: "ஹஜ்ரத், நாம் கடலுக்கு முதுகைக் காட்டித் தொழுதோம். அந்தக் காலத்தில் பாய்மரக் கப்பலில் போனவர்கள் எந்தப் பக்கம் நோக்கித் தொழுதிருப்பார்கள்?"

நல்ல கேள்வி. அதற்குள் நம் வரலாறே அடங்கியிருக்கிறது.

காவிரிப்பூம்பட்டினத்துக்குக் கடல்வழியே குதிரைகள் வந்ததைப் பட்டினப்பாலை பேசுகிறது. இக்கரையிலிருந்து கங்கைக்கும் கீழைநாடுகளுக்கும் பெருங்கலங்கள் சென்றதைக் கி.பி. முதல் நூற்றாண்டுக் கிரேக்க நூலான பெரிப்ளுஸ் குறிக்கிறது. பழைய பட்டினம் மறைந்தது, கடலோட்டம் நிற்கவில்லை. பின்னாளில் நாகூர், நாகப்பட்டினம், பரங்கிப்பேட்டை மரக்காயர்கள் அதைத் தொடர்ந்தனர்.

நாகையிலிருந்து பினாங்கு 2,300 கிலோமீட்டர் அளவுக்குத் தொலைவு. இயந்திரம் இல்லை, காற்றே துணை. தென்மேற்குப் பருவக்காற்று கலத்தைக் கிழக்கே செலுத்தும். வடகிழக்குப் பருவக்காற்று ஊர் திருப்பும். ஐப்பசி, கார்த்திகைப் புயலுக்கு அஞ்சிக் கலங்கள் ஒதுங்கும். பருவம் தவறினால் அக்கரையிலேயே மாதக்கணக்கில் தங்க வேண்டும். அப்படித் தங்கிய இடங்களில் பள்ளிவாசல்கள் எழுந்தன. 1786இல் பினாங்கில் ஆங்கிலேயர் குடியேற்றம் அமைத்த பிரான்சிஸ் லைட், ஆண்டுதோறும் இக்கரைக் கப்பல்களில் 1,300 முதல் 2,000 பேர் வருவதாக எழுதினார். அங்கே கப்பித்தான் கிளிங் பள்ளி 1801இல் தோன்றியது. சிங்கப்பூரில் 1826இல் சூலியா பள்ளியும், 1828 முதல் 1830க்குள் நாகூர் தர்காவும் எழுந்தன.

இனி மாணவனின் கேள்விக்கு வருவோம். வங்கக் கடலில் எங்கு நின்றாலும் கிப்லா மேற்கே, சற்று வடக்குச் சாய்வாக இருக்கும். பினாங்கு வழியில் செல்பவனுக்கு ஊரும் ஏறக்குறைய அதே திசைதான். போகும்போது கலத்தின் பின்புறம் நோக்கித் தொழுதான். கஅபாவுக்கு முன்பாக, அதே திசையில், அவன் விட்டுவந்த வீடு இருந்தது. திரும்பும்போது கலத்தின் முகப்பே கிப்லாவை நோக்கியது. கலம் திரும்பினால் தொழுபவனும் கிப்லாவின் பக்கம் திரும்பிக்கொள்ள வேண்டும் என்பது ஃபிக்ஹுச் சட்டம்.

கப்பலோட்டியைக் குறிக்கும் 'மாலுமி' என்னும் சொல் அரபியின் 'முஅல்லிம்' என்பதிலிருந்து வந்தது. ஆசிரியர் என்பதே அதன் பொருள். காற்றையும் நட்சத்திரத்தையும் அறிந்தவரே கடலில் ஆசிரியர். அவர் பருவம் பார்த்துப் பாய் விரித்தார்; பிறகே தவக்குல் வைத்தார்.

பயணம் புறப்படுமுன் கடனை அடைப்பதும், அமானிதத்தை ஒப்படைப்பதும், வஸிய்யத் எழுதுவதும், மனம் நோகச் செய்தவரிடம் மன்னிப்புக் கேட்பதும் நம் மார்க்கம் கற்பித்த ஒழுங்கு. திரும்புவது உறுதியில்லாத பாய்மரக் காலத்தில் அதன் அருமை எவருக்கும் விளங்கும். இன்று நம் பிள்ளைகள் சில மணி நேரத்தில் விமானத்தில் வளைகுடாவுக்கும் மலேசியாவுக்கும் பறக்கிறார்கள். பெட்டியின் எடையை இருமுறை பார்க்கிறோம். கடன் கணக்கை ஒருமுறையேனும் பார்க்கிறோமா? வாகனம் மாறியது, மரணம் மாறவில்லை.

கடலில் மூழ்கி மீளாத நம் முன்னோருக்கு வல்ல அல்லாஹ் ஷஹீதுகளின் தரத்தை வழங்குவானாக. ஆமீன்.